பொலிகாளைத் தேர்வும் விதை இறங்கும் விதமும்

பசுவின் குணம் அது ஈனும் சில கன்றுகளில் மட்டுமே தோன்றும். பொலிகாளையின் குணமோ ஊர் மந்தை முழுவதிலும் பரவும். ஆதலின் காளை வாங்குவோர் திமில், கொம்பு, நடை, சுழி ஆகியவற்றைக் கூர்ந்து நோக்குகின்றனர். விதைப்பையைத் தடவிப் பார்ப்போர் மிகச் சிலரே. இரு விதைகளும் பையில் இறங்கியிருத்தல் பொலிபிராணிக்கு இன்றியமையாதது. அது பெரும்பாலும் கர்ப்பத்திலேயே முடிவாகிவிடுகிறது.

கர்ப்பத்தில் நிகழ்வது

விதைகள் முதலில் உண்டாவது வயிற்றினுள், சிறுநீரகங்களின் அருகிலாகும். ஒவ்வொரு விதையையும் இரண்டு கட்டுகள் பிணைத்துள்ளன. ஒன்று முன்புறமும், மற்றொன்று பின்புறமாகத் தொடையிடுக்கு வரையிலும் செல்லும். பின்புறக் கட்டை 1762-ல் விவரித்தவர் லண்டனில் வாழ்ந்த ஜான் ஹண்டர் என்னும் ரண வைத்தியர். படகின் சுக்கானைக் குறிக்கும் ‘குபர்னாகுலம்’ என்ற லத்தீன் சொல்லையே அவர் அதற்குப் பெயராக இட்டார்.

இச்சுக்கான் கட்டு விதையைக் கயிறுபோல் இழுக்கிறதென்று எண்ணுதல் பொருந்தாது. அது வேலை செய்வது வளர்ச்சியினாலேயே. விதையினின்றும் இன்சுலினை ஒத்த அமைப்புடைய ஒரு ஹார்மோன் சுரக்கிறது. அதன் ஏவலால் கட்டின் உயிரணுக்கள் பெருகி, நீரை ஏற்கும் பாகுபோன்ற பொருளும் சேர்ந்து, கட்டு குறுகித் தடிக்கிறது. இந்த ஹார்மோன் இல்லாத சுண்டெலிகளில் விதைகள் வயிற்றிலேயே தங்கிவிடுவதை 1999-ல் வெளியான ஆராய்ச்சிகள் காட்டின. முன்புறக் கட்டோ ஆண் ஹார்மோனால் மெலிந்து தளர்கிறது.

தடித்த கட்டு விதையைத் தொடையிடுக்கின் அருகே நிறுத்திவைக்க, முதுகும் வயிறும் நீண்டு வளர்ந்து சிறுநீரகங்கள் விலகிவிடுகின்றன. பின்னர், ஊறிப் பருத்த மரஆப்பு கல்லின் வெடிப்பை விரிப்பதுபோல, அக்கட்டு தொடையிடுக்கிலுள்ள துவாரத்தை அகலப்படுத்துகிறது. வயிற்றின் உள்ளழுத்தமும் துணைசெய்ய விதை வெளிவருகிறது. அதன்பின் கட்டு சுருங்கிவிட, அவ்விடத்தில் விதை அமர்கிறது.

பசுவின் கர்ப்பத்தில் நாலாவது மாதத்தையொட்டியும், செம்மறியாட்டில் மூன்றாவது மாதத்திலும் இது நிகழும். பன்றியில் ஈனுங்காலம் நெருங்கும்போதும், குதிரையில் பிறப்பையொட்டியும், நாய்க்குட்டியில் பிறந்த பின்னரும் முடிவுறும். கட்டின் வளர்ச்சி குறைந்தாலும், திசை தவறினாலும், மிகுந்தாலும் விதை வழியிலேயே தங்கிவிடக்கூடும்.

தங்கிவிடுவதால் வரும் கேடு

காளைக்கும் கிடாய்க்கும் விந்து செவ்வனே உண்டாவதற்கு விதை உடற்சூட்டைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாக இருத்தல் வேண்டும். யானைக்கு விதைகள் வயிற்றினுள்ளேயே இருப்பது இயல்பு. அதனைக் கொண்டு மாட்டிற்கும் அவ்வாறே இருக்கலாமெனக் கருதலாகாது. இரு விதைகளும் தங்கிய காளை பசுவை நாடும். ஆயினும் சினைபிடிக்கச் செய்யாது. ஒன்று மட்டும் இறங்கிய பிராணியே பேரபாயமானது. அது சினைபிடிக்கச் செய்வதால் குறை தெரியாமல், தன் சந்ததிக்கும் அதனைக் கொடுக்கக்கூடும்.

கவனிக்க வேண்டியவை

1. ஆண் கன்றையும் குட்டியையும் பிறந்த சில நாட்களில் தடவிப் பார்த்தல் வேண்டும். குளிரில் விதைகள் மேலே இழுக்கப்படுமாதலால் வெயில் ஏறிய பின் பார்ப்பது நலம்.

2. ஒரு விதை மட்டும் உள்ள பிராணி எவ்வளவு அழகியதாயினும் அதனைப் பொலிக்கு விடலாகாது. தீவனத்தாலும் மருந்தாலும் குறையை மாற்றலாமென நம்பி வளர்த்தல் வீண் செலவே.

3. அவ்விதக் குட்டி பிறந்த இணையை மறுபடியும் சேர்க்காதிருத்தல் நன்று. தாய் வெளியே அடையாளமின்றி இக்குறையைச் சுமந்திருக்கக்கூடும்.

4. காயடிக்குமுன் இரு விதைகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெளியிலுள்ள ஒன்றை மட்டும் நீக்கினால், உள்ளிருப்பது ஆண் ஹார்மோனைச் சுரந்துகொண்டேயிருக்கும். பிராணி முரட்டுக் குணத்தை விடாது. அத்தகையதைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முறை.

ஊர்ப் பொதுவில் பொலிகாளை வாங்கும் கிராம அதிகாரிகள் விலை பேசுமுன் இச்சோதனையைச் செய்விப்பாராக. கைச்செலவில்லாத இந்த ஒரு நிமிஷச் சோதனை மந்தையின் பல தலைமுறைகளைக் காக்கும்.