கூட்டுறவு சங்கங்களில் கம்ப்யூட்டர் ஏற்பாடு
தொடங்குமுன் யோசிக்க வேண்டியதும், தொடங்கியபின் அளக்க வேண்டியதும்

கிணற்றில் எத்தனை அடி ஜலம் நிற்கிறது, கோடையில் அது எவ்வளவு இறங்குகிறது, எத்தனை ஏக்கர் நிலம் பாயவேண்டும் என்பவற்றைப் பாராமல் பம்பு செட்டு வாங்கும் குடியானவர் மிகச் சிலரே. வாங்கிய பின்னரும், மின்சாரச் செலவு போக விளைச்சலில் மிச்சம் என்ன என்பதை அவர் ஒவ்வொரு போகத்திலும் மனத்திற்குள் கணக்குப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஆனால் அதே குடியானவர்கள் டைரக்டர்களாக அமர்ந்து நடத்தும் கூட்டுறவு சங்கமோ, உற்பத்தியாளர் கம்பெனியோ கம்ப்யூட்டர் வாங்கத் தீர்மானிக்கும்போது, இத்தகைய விசாரணை பெரும்பாலும் செய்யப்படுவதில்லை. அடுத்த ஊர்ச் சங்கத்தில் வந்துவிட்டது என்பதே போதிய காரணமாகக் கொள்ளப்படுகிறது. பிறகு அதனால் லாபமா நஷ்டமா என்று கேட்டால், பதில் சொல்லுவதற்கு வேண்டிய புள்ளிகள் எவரிடமும் இருப்பதில்லை.

இவ்விஷயம் இக்காலத்தில் மிகவும் முக்கியமானது. இந்தியா முழுவதிலுமுள்ள தொடக்க விவசாயக் கூட்டுறவு சங்கங்களில் 63,000 சங்கங்களுக்குக் கம்ப்யூட்டர் கணக்கு முறையை ஏற்படுத்தும் திட்டத்தை மத்திய சர்க்கார் 2022-ம் வருஷம் ஜூன் மாதத்தில் அங்கீகரித்தார்கள். அதற்கு அப்பொழுது மதிப்பிடப்பட்ட செலவு ரூ. 2,516 கோடி. யந்திரத்தைச் சர்க்காரே கொடுத்தாலும், அதைப் பராமரிப்பதும், அதைக்கொண்டு பிரயோஜனம் அடைவதும் சங்கத்தின் பொறுப்பேயாகும். சங்கத்தின் பணம் அங்கத்தினர்களின் பணம். ஆகையால் இத்தகைய ஏற்பாட்டை எவ்வாறு தொடங்குவது, எவ்வாறு மதிப்பிடுவது என்பதை, முன்னர் நடந்த இரண்டு முயற்சிகளின் அநுபவத்தைக்கொண்டு இங்கே ஆராய்வோம்.

வாரணா சர்க்கரை ஆலையின் அநுபவம்

மராட்டிய ராஜ்யத்தில் கோலாப்பூர் ஜில்லாவைச் சேர்ந்த வாரணா நதிப் பிரதேசம் கரும்புச் சாகுபடிக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலையை மையமாகக் கொண்டு, 1998-ம் வருஷத்தில், சுமார் 70 கிராமங்களைக் கம்ப்யூட்டர் மூலம் இணைக்கும் பெரிய திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. மத்திய சர்க்காரும், ராஜ்ய சர்க்காரும், வாரணா ஸ்தாபனத்தாரும் செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். கரும்புக் கணக்கு மட்டுமின்றி, பயிர்த்தொழில் யோசனைகள், சந்தை விலை, வைத்தியம், கல்வி முதலிய பல விஷயங்களும் கிராமத்துக் கம்ப்யூட்டர் நிலையத்தின் வழியாகக் குடியானவர்களுக்குக் கிடைக்கும் என்று உத்தேசிக்கப்பட்டது.

சில வருஷங்களுக்குப் பின், பெங்களூரிலுள்ள மைக்ரோசாப்ட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் அங்கு சென்று, அந்த யந்திரங்கள் எதற்கு உபயோகமாகின்றன என்பதை நேரில் கவனித்தார்கள். உத்தேசித்த பல காரியங்களில் ஏறக்குறைய ஒன்றே ஒன்றுதான் நடைபெற்று வந்தது. வெட்டிய கரும்பின் எடை எவ்வளவு, வெட்டு உத்தரவு எப்பொழுது, உரக்கணக்கு என்ன என்ற ஆலை விவகாரங்களுக்காகவே குடியானவர்கள் நிலையத்திற்கு வந்தார்கள். இந்தச் சிறு செய்திகளை ஆலைக்கும் கிராமத்திற்கும் இடையே அனுப்புவதற்காக, விலை அதிகமான யந்திரங்களைப் பழுது பார்த்துக்கொண்டு வைத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆகவே அவர்கள் ஏழு கிராமங்களில் எட்டு மாத காலம் வேறொரு பரீக்ஷை செய்தார்கள். கிராமத்துக் கம்ப்யூட்டருக்குப் பதிலாகச் சாதாரண செல்போனும், அதில் அனுப்பப்படும் குறுஞ்செய்தியுமே உபயோகிக்கப்பட்டன. கேள்வி செல்போனிலிருந்து ஆலைக்குப் போகும்; பதிலும் அவ்வாறே வரும். 2007-ல் வெளிவந்த அவர்களுடைய அறிக்கையின்படி, இம்முறை பழைய முறையைவிடச் செலவு குறைந்ததாகவும், சௌகரியமானதாகவும், குடியானவர்களுக்கு அதிகம் பிடித்தமானதாகவும் இருந்தது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. முதலாவது, பல காரியங்களை ஒரேயடியாக எதிர்பார்த்துத் தொடங்கிய ஏற்பாட்டில், ஜனங்களுக்கு உண்மையில் தேவையாயிருந்த காரியம் ஒன்றே நிலைத்து நின்றது. இரண்டாவது, யந்திரம் வேலை செய்கிறதா என்று மட்டும் பார்ப்பது மதிப்பீடு ஆகாது. அதே வேலையை அதைவிடக் குறைந்த செலவில் செய்ய வழி உண்டா என்பதையும் பார்த்தால்தான் மதிப்பீடு பூர்த்தியாகும்.

கர்நாடக நிலப் பதிவேடுகள்

இரண்டாவது உதாரணம் வியாபார ஸ்தாபனத்தைப் பற்றியதன்று. சர்க்கார் கணக்கைப் பற்றியது. எனினும் கிராம அதிகாரிகளும் நிலச் சொந்தக்காரர்களும் நன்கு அறிந்த விஷயமாதலால் இங்கு குறிப்பிடுவது பொருத்தமாகும்.

கர்நாடக ராஜ்யத்தில் 1991-ல் குல்பர்கா ஜில்லாவில் நிலப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் முயற்சி தொடங்கப்பட்டு, பின்னர் மற்ற ஜில்லாக்களுக்கும் பரவியது. ஆயினும், பதிவேடுகள் நாள்தோறும் திருத்தப்படும் இடமான தாலூகா கச்சேரிகளில் கம்ப்யூட்டர் வைக்க அப்பொழுது ஏற்பாடு செய்யப்படவில்லை. விற்பனையும், பாகப்பிரிவினையும், வாரிசுரிமையும் காரணமாகக் கைக்கணக்கு மாறிக்கொண்டே போக, யந்திரத்தில் ஏறிய கணக்கு பழையதாகவே நின்றது. பழைய கணக்கு எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டாலும் எவருக்கும் பயன்படாது.

பின்னர் வந்த 'பூமி' என்ற திட்டம் இக்குறையை நீக்கியது. சுமார் 67 லட்சம் நிலச் சொந்தக்காரர்களைச் சேர்ந்த 2 கோடிப் பதிவேடுகள் ஏற்றப்பட்டன. தாலூகா கச்சேரியிலேயே யந்திரம் வைக்கப்பட்டு, ரூ. 15 கட்டணத்தில் பதிவேட்டின் நகல் கொடுக்கப்பட்டது. பெயர் மாற்ற மனுக்களை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்ள விதி செய்யப்பட்டது. எல்லாவற்றிற்கும் மேலாக, கையால் எழுதிய நகல் செல்லாது என்று தீர்மானிக்கப்பட்டது. இரண்டு கணக்குகள் சேர்ந்தாற்போல் நடக்கும் வரையில், ஜனங்கள் பழகிய கணக்கையே நாடுவார்கள் என்பதை அந்த அதிகாரிகள் நன்கு அறிந்திருந்தனர்.

இத்திட்டத்தின் மதிப்பீடும் கவனிக்கத்தக்கது. பெங்களூரிலுள்ள பொது விவகார மையம் என்ற ஸ்தாபனம் 2002-ல், பழைய முறையில் நகல் பெற்றவர்களையும் புதிய முறையில் பெற்றவர்களையும் தனித்தனியே விசாரித்தது. பழைய முறையில் நூற்றுக்கு 66 பேர் லஞ்சம் கொடுக்க நேர்ந்தது என்றும், புதிய முறையில் நூற்றுக்கு 3 பேரே கொடுத்தனர் என்றும் அதில் தெரியவந்தது. ஆனால் 2007-ல் வேறு சில ஆய்வாளர்கள், நகரத்தைச் சூழ்ந்த கிராமங்களில் பெரும் நிலவியாபாரிகளுக்கே இம்முறை அதிகம் சாதகமாயிற்று என்று எழுதினர். இவ்விரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று பொய்யாக்குவன அல்ல. நகல் வாங்குபவனைக் கேட்டால் ஒரு பதிலும், நிலத்தை இழக்கும் நிலையிலுள்ளவனைக் கேட்டால் மற்றொரு பதிலும் கிடைக்கும். எனவே மதிப்பிடும்போது, யாருக்கு நன்மை, யாருக்குக் கஷ்டம் என்று இரு தரத்தாரையும் விசாரிப்பது அவசியம்.

தொடங்குமுன் செய்யவேண்டியவை

இவ்வநுபவங்களைக் கொண்டு, யந்திரம் வாங்கும் தீர்மானத்திற்கு முன்பாகச் சங்க நிர்வாகிகள் கீழ்க்கண்டவற்றை எழுத்தில் வைத்துக்கொள்வது நலம்.

1. வேலை இன்னதென்று ஒரே வாக்கியத்தில் எழுதவேண்டும். "நிர்வாகம் அபிவிருத்தியடைய" என்பது போதாது. "உர மூட்டை வாங்க வரும் அங்கத்தினர் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தல்" என்பது போலத் திட்டமாக இருக்கவேண்டும். இவ்வாறு எழுத முடியவில்லையானால், யந்திரம் வாங்க இன்னும் காலம் வரவில்லை என்று கொள்க.

2. இப்பொழுதுள்ள நிலைமையை அளக்கவேண்டும். ஒரு மாத காலத்திற்கு, ஒவ்வொரு அங்கத்தினரும் எத்தனை நிமிஷம் காத்திருந்தார், மாதக் கணக்கை முடிக்க எத்தனை நாள் ஆயிற்று, இருப்பில் எத்தனை மூட்டை குறைந்தது, தணிக்கையில் எத்தனை பிழை கண்டார்கள் என்று ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் குறிக்கவேண்டும். இந்த நோட்டு இல்லாவிடில், பிற்பாடு எவ்வித மதிப்பீடும் செய்ய இயலாது. யந்திரம் வந்தபின் பழைய நிலைமையை ஞாபகத்திலிருந்து எழுதினால், அவரவர் மனம்போல எழுதுவார்களேயன்றி உண்மை வராது.

3. யந்திரமின்றியே குறை தீருமா என்று பார்க்கவேண்டும். உரம் கொடுக்கும் கிழமையைத் தெருவாரியாகப் பிரித்துவிட்டால் கூட்டம் தானே குறையலாம். கிரமமற்ற கைக்கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால், கிரமமற்ற கணக்கே வேகமாக வெளிவரும்.

4. பொறுப்பாளர் இருவர் வேண்டும். ஒரே குமாஸ்தாவுக்கு மட்டும் யந்திரம் தெரிந்திருந்தால், அவர் விடுப்பில் போகும் நாளில் சங்கமும் விடுப்பில் போகும்.

5. கணக்கின் பிரதி ஒன்று ஒவ்வொரு நாளும் வேறிடத்தில் பத்திரப்படுத்தப்பட வேண்டும். சாப்ட்வேர் விற்கும் கம்பெனியோடு ஏற்பாடு முறியுமாயின், அங்கத்தினர்களின் கணக்கு முழுவதையும் வேறு கம்பெனியார் வாசிக்கக்கூடிய முறையில் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்திலேயே இருக்கவேண்டும்.

பரீக்ஷையும் வரவு செலவும்

புது ரக விதையை முதல் வருஷத்திலேயே நிலம் முழுவதிலும் விதைப்பாரில்லை. அதுபோலவே, எல்லாக் கணக்குகளையும் ஒரே நாளில் மாற்றாமல், உரக்கணக்கு ஒன்றை மட்டும் ஒரு போகத்திற்கு யந்திரத்தில் நடத்திப் பார்க்கலாம். அச்சமயம் பழைய பேரேட்டையும் கூடவே எழுதி வரவேண்டும். ஆனால் அதற்கு முடிவு தேதி ஒன்றை முதலிலேயே குறித்துவிட வேண்டும். இல்லாவிடில் சிப்பந்திகளுக்கு இரட்டை வேலையே நிரந்தரமாகிவிடும்.

வரவு செலவைக் கணக்கிடும் வகையை விளக்க, 800 அங்கத்தினர்கள் உள்ள ஒரு சங்கத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். யந்திரம், அச்சடிக்கும் கருவி, பாட்டரி ஆகியவற்றின் விலை ரூ. 90,000, ஆயுள் ஐந்து வருஷம் என்று கொண்டால் வருஷத்திற்கு ரூ. 18,000. சாப்ட்வேர் வருஷக் கட்டணம் ரூ. 15,000, இண்டர்நெட்டும் மின்சாரமும் ரூ. 12,000, பழுது, காகிதம், மை ரூ. 14,000, பயிற்சிச் செலவு ரூ. 6,000. ஆக வருஷச் செலவு ரூ. 65,000. விலையைவிட மற்றச் செலவுகள் மிக அதிகம் என்பதைக் கவனிக்க. இலவசமாக யந்திரம் வந்தாலும் ரூ. 47,000 செலவு நிற்கும்.

மிச்சப் பக்கத்தில், வருஷ முடிவில் இரண்டு மாதம் அமர்த்தும் தாற்காலிகக் குமாஸ்தாவின் சம்பளம் ரூ. 24,000, நோட்டுகளும் பாங்கிப் பிரயாணமும் ரூ. 9,000, உர இருப்பில் குறைவு நின்றதனால் ரூ. 20,000. ஆக ரூ. 53,000. சங்கத்தின் புஸ்தகத்தில் ரூ. 12,000 நஷ்டம், அதாவது அங்கத்தினர் ஒருவருக்கு ரூ. 15. ஆனால் ஒவ்வொரு அங்கத்தினருக்கும் வருஷத்தில் அரை நாள் மிச்சமாகுமாயின், நாள் கூலி ரூ. 400 என்ற மதிப்பில், ஊர் முழுவதற்கும் ரூ. 1,60,000 லாபம். அந்த அரை நாள் உண்மையில் மிச்சமாயிற்றா என்பதே கேள்வி. அதை முன்பு எழுதிய நோட்டுப் புஸ்தகம் ஒன்றே சொல்லும். காத்திருக்கும் நேரம் குறையவில்லையானால் நஷ்டம் நஷ்டமேயாகும்.

நிறுத்தும் தைரியம்

பரீக்ஷை முடிந்தபின், அதே நோட்டின் பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் பொதுக்கூட்டத்தில் வாசிக்கவேண்டும். இவ்வளவு குறைந்தால் தொடர்வது, இல்லையேல் நிறுத்துவது என்ற எல்லையைத் தொடங்கும்போதே தீர்மானப் புஸ்தகத்தில் எழுதியிருப்பது உத்தமம். போட்ட பணம் போய்விட்டதே என்று மேலும் மேலும் பணம் போடுவது, உப்புத் தண்ணீர் கண்ட கிணற்றை இன்னும் ஆழமாக வெட்டுவதை ஒக்கும். எழுதப் படிக்கத் தெரியாத அங்கத்தினர்களும், பெண் அங்கத்தினர்களும், குத்தகைக்காரர்களும் அக்கூட்டத்தில் தங்கள் அநுபவத்தைச் சொல்ல இடமளிக்க வேண்டும். அச்சடித்த ரசீதை வாசிக்க முடியாதவருக்கு, குமாஸ்தா வாயால் தொகையைச் சொல்லும் பழக்கம் நின்றுவிடுவது ஒரு நஷ்டம் என்பது அவர் சொன்னால்தான் தெரியவரும்.

இக்காரியத்தில் கிராம அதிகாரிகளும் விஷயமறிந்த நிலச் சொந்தக்காரர்களும் முன்வந்து, வருகிற நிர்வாகக் கூட்டத்திலேயே இரண்டாவது அம்சத்தில் கூறிய அளவுகளை எடுக்க ஏற்பாடு செய்வார்களாக. அதற்கு வேண்டியது ஒரு நோட்டும், ஒரு கடிகாரமும், ஒரு மாத காலமுமே.