குளிர்நீர் மீனும் தொண்டூர் ஏரியும்

செஞ்சிச் சீமையில் ஏரி என்றால் முதலில் நெல், அடுத்ததே மீன். ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாய்ப் பெய்து தொண்டூர் ஏரி போன்ற நீர்நிலைகள் நிரம்பிய வருஷங்களில், மடை திறக்கும் பேச்சோடு மீன் பாசிக் குத்தகைப் பேச்சும் சேர்ந்தே எழும். அச்சமயத்தில், உதகமண்டலம் சென்று மீண்ட குடியானவர் ஒருவர், "நீலகிரி ஓடைகளில் டிரவுட் என்னும் சீமை மீனை விட்டுப் பெருக்கியிருக்கிறார்களே; நம் ஏரியிலும் விட்டால் என்ன?" என்று எண்ணுவது இயல்பே. அவ்வெண்ணம் பலிக்கக்கூடியதன்று. எனினும், அது ஏன் பலிக்காது என்பதை ஆராய்ந்து அறிபவருக்கு, நம் ஏரியில் எம்மீனை எப்பொழுது விடுவது நலம் என்பதும் கூடவே விளங்கும்.

நீலகிரியில் நடந்த முயற்சி

டிரவுட் நம் தேசத்து மீன் அன்று. பழுப்பு டிரவுட் ஐரோப்பாவுக்கு உரியது. வானவில் டிரவுட் வட அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சார்ந்த ஆறுகளுக்கு உரியது. நீலகிரி நீரோடைகளில் டிரவுட்டைக் குடியேற்ற 1863ஆம் வருஷத்திலேயே முயன்றவர், சென்னைப் படையில் வைத்தியராயிருந்தவரும் பின்னாளில் இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவருமான பிரான்ஸிஸ் டே. அம்முயற்சி பயன் தரவில்லை. அதன் பின் வந்த முயற்சிகளும் நிலைக்கவில்லை. காஷ்மீரத்திலும் தொடக்கம் இத்தகையதே. 1899இல் கப்பலேறி வந்த கருமுட்டைகள் வழியிலேயே அழிந்தன. 1900இல் இரண்டாம் முறை வந்தவையே அந்நாட்டு ஆறுகளில் டிரவுட் இனத்திற்கு வித்தாயின.

நீலகிரியில் காரியம் கைகூடியது 1907ஐ ஒட்டிய வருஷங்களிலேயாகும். மீன் வளர்ப்பு நிபுணரான எச். ஸி. வில்ஸன் என்பவரின் மேற்பார்வையில், அவலாஞ்சியில் பொரிப்பகம் ஒன்று அமைக்கப்பட்டது. இம்முறை அம்மலை ஓடைகளில் நிலைத்தது பழுப்பு டிரவுட் அன்று, வானவில் டிரவுட்டே. ஏறக்குறைய நாற்பது வருஷ காலம் முயன்றும் கிட்டாத பலன், நீருக்கேற்ற இனத்தைத் தேர்ந்து, பொரிப்பகத்தில் குஞ்சு வளர்த்து, வருஷந்தோறும் ஓடைகளில் விட்டுவந்த பிறகே கிட்டிற்று.

மீனின் இயல்பு

டிரவுட்டுக்கு வேண்டுவன இரண்டு: குளிர்ச்சி, ஓட்டம். நீரின் வெப்பம் 10 முதல் 18 டிகிரி சென்டிகிரேடு வரையில் இருப்பின் அது நன்றாய் இரை தின்று வளரும். 20க்கு மேற்பட்டால் வாடும். 25ஐக் கடந்தால் பிழைப்பது அரிது. காரணம், மீன் சுவாசிக்கும் பிராணவாயு குளிர்ந்த நீரில் மிகுதியாகவும் வெந்நீரில் குறைவாகவும் கரைவதே. 10 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 11 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராமே ஏற்கும். சித்திரை வெயிலில் சுருங்கி நிற்கும் நம் ஏரி நீரில் டிரவுட்டை விடுவது, நாற்றங்காலில் ஏலச்செடி நடுவதற்கு ஒப்பாகும்.

பொரிப்பக முறையும் இவ்வியல்பை ஒட்டியதே. சினையுற்ற பெண் மீனின் வயிற்றை மெல்ல நீவி முட்டைகளை ஈரமற்ற பாத்திரத்தில் இறக்கி, அவற்றின்மேல் ஆண் மீனின் விந்தைப் பாய்ச்சிக் கலந்த பின்னரே நீர் விடுவர். ஒரு கிலோ எடையுள்ள தாய் மீன் சுமார் 2,000 முட்டை தரும். ஓடும் குளிர்நீரில் தட்டுகளில் பரப்பப்பட்ட முட்டைகள், நீர் 10 டிகிரியில் இருந்தால் சுமார் 30 நாளில் பொரிக்கும். செத்த முட்டையை அவ்வப்போது பொறுக்கி எறியாவிடில் அதில் பூசணம் பிடித்து நல்ல முட்டைகளுக்கும் பரவும். விதை நேர்த்தியில் கவனமுள்ள விவசாயிக்கு இது புதிய பாடம் அன்று.

பூச்சித் தூண்டில்

இம்மீனைப் பிடிக்கும் முறையும் தனிப்பட்டது. டிரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கிப் பாறை மறைவில் நின்று, மிதந்து வரும் பூச்சிகளைக் கவ்வும். ஆகவே, தூண்டிற்காரர் கீழ்ப்புறத்திலிருந்து மேல்நோக்கி ஓசையின்றி நடந்து அதன் பின்புறமாய் அணுகுவர். முள்ளில் கட்டுவது மண்புழு அன்று. பறவை இறகும் ரோமமும் நூலும் கொண்டு சமைத்த பொய்ப் பூச்சி. நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துச் செல்லும். இங்கோ பூச்சிக்குக் கனமில்லை, கயிறே கனமாயிருக்கும். கோலைப் பின்னும் முன்னும் வீச, கயிறு காற்றில் நீண்டு, பூச்சி நீரின்மேல் உண்மைப் பூச்சியைப்போல் மெல்ல இறங்கவேண்டும். சிறு மீன் அகப்பட்டால் கையை நனைத்துக்கொண்டு எடுத்து மீண்டும் நீரில் விடுதல் நல்ல தூண்டிற்காரரின் வழக்கம்.

இவ்வித வேட்டையில் கட்டுப்பாடும் இருந்தது. 1879ஆம் வருஷத்திலேயே நீலகிரியில் வேட்டைப் பிராணிகளையும் மீனையும் காக்கத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. விட்டதைக் காவாது பிடித்தால் விட்டது வீண் என்பது அதன் கருத்து.

மறுபுறமும் அறியத்தக்கது. டிரவுட் ஊனுண்ணி, ஓடைகளின் சுதேச மீன்களையும் தவளைக் குஞ்சுகளையும் தின்னும். உலகில் பெருந்தீங்கு செய்யும் அயலின உயிர்கள் நூற்றின் பட்டியலில் பழுப்பு டிரவுட், வானவில் டிரவுட் இரண்டும் இடம் பெற்றிருக்கின்றன. சமவெளியில் இதற்கு நிகரான அபாயம் ஆப்பிரிக்கக் கெளுத்தி. விரைந்து வளரும் என்ற ஆசையால் அதைக் குளத்தில் விட்டவர்கள் பலர். வெள்ளத்தில் தப்பி ஏரியை அடைந்தால் அது கண்ட மீனையெல்லாம் விழுங்கும். அதன் வளர்ப்பு இந்தியாவில் தடை செய்யப்பட்டது. ஏரி ஊருக்குப் பொதுவாதலால் ஒருவர் செய்யும் பிழை ஊர் முழுவதையும் சாரும்.

நம் ஏரிக்கு ஏற்றது

சமவெளி ஏரிக்குரியவை கட்லா, ரோகு, மிர்கால் என்னும் கெண்டை இனங்கள். கட்லா மேல்நீரிலும், ரோகு நடுநீரிலும், மிர்கால் அடிநீரிலும் இரை தேடுவதால் ஒன்றின் உணவை மற்றொன்று பெரிதும் பறிப்பதில்லை. இவையும் காவிரிப் பக்கத்துக்கு வடநாட்டிலிருந்து வந்தவையே. ஆயினும் வெதுவெதுப்பான தேக்கநீர் இவற்றின் இயல்புக்கு ஒத்தது. முன்னாளில் இவற்றின் குஞ்சுகளை ஆற்று வெள்ளத்தில் அரித்தெடுக்க வேண்டியிருந்தது. 1957இல் ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சாறு செலுத்திக் கெண்டைகளை முட்டையிடச் செய்தார். அதன் பின் நல்ல குஞ்சு பண்ணையிலேயே கிடைப்பதாயிற்று.

குஞ்சு விடுவதில் மூன்று காரியங்கள் முக்கியமானவை. முதலாவது காலம். ஏரி நிரம்பிக் கலிங்கல் வழியும்போது விட்டால் குஞ்சு நீரோடு போய்விடும். வழிவது நின்ற பிறகே விடவேண்டும். இரண்டாவது அளவு. ஏரியில் விரால் முதலிய ஊனுண்ணிகள் இருக்குமாதலால், விரலளவேனும் வளர்ந்த குஞ்சே பிழைக்கும். நுண்குஞ்சு விரால் வாய்க்கே இரையாகும். மூன்றாவது பொறுமை. குஞ்சுப் பையை அரைமணி நேரம் ஏரி நீரில் மிதக்கவிட்டு, பின் சிறிது சிறிதாய் ஏரி நீரைப் பைக்குள் கலந்து, காலையிலோ மாலையிலோ வெயில் தாழ்ந்த வேளையில் திறந்துவிட வேண்டும்.

அன்றியும், பாசனத்திற்கு நீர் இறங்க இறங்க மீனுக்கு இடமும் பிராணவாயுவும் குறையும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்குமாயின் அதுவே எச்சரிக்கை. குத்தகைதாரர் உடனே பெரிய மீனைப் பிடித்தெடுத்து நெருக்கத்தைக் குறைப்பது நன்று. மீனுக்காக மடையை அடைப்பதும், பயிருக்காக ஏரியை அடியோடு வடிப்பதும் ஊரில் மனஸ்தாபத்துக்கே வழி. எவ்வளவு நீரை மீனுக்கென நிறுத்துவது என்பதை ஆயக்கட்டுதாரரும் குத்தகைதாரரும் கிராம அதிகாரிகள் முன்னிலையில், ஏலத்திற்கு முன்பே பேசி முடித்துக்கொள்வது உத்தமம்.

அவலாஞ்சியின் குளிர்ந்த ஓடை தொண்டூருக்கு வாராது. ஆனால் அவ்வோடை புகட்டிய பாடம் வரத் தடையில்லை. நீரை அறிந்து வித்திடுவதே அப்பாடம். நிலத்தை அறிந்து விதைக்கும் விவசாயிக்கு அது கடினமன்று.