வயதுக்கு வயது, நாட்டுக்கு நாடு: பாப்பிலோமா வைரஸ்

இத்தாலி நாட்டில் வெரோனா என்றொரு பழம்பெரும் நகரம் உண்டு. அந்நகரில் 1760 முதல் 1839 வரை எழுதப்பட்ட இறப்புப் பதிவேடுகளை ரிகோனி ஸ்டெர்ன் என்னும் மருத்துவர் பொறுமையோடு ஆராய்ந்தார். கருப்பைப் புற்றுநோயால் மாண்டவர்களுள் மணமான பெண்களும் கைம்பெண்களுமே மிகுதியாக இருந்தனர். கன்னியர் மடத்துச் சகோதரிகளிடம் அந்நோய் மிக அரிதாகவே காணப்பட்டது. 1842-இல் இதனை அவர் வெளியிட்டபோது காரணம் எவருக்கும் விளங்கவில்லை.

ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் சென்றபின், 1983-இல், ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சுர் ஹௌசன் அப்புதிரை அவிழ்த்தார். கருப்பை வாய்ப் புற்றில் அவர் கண்டது ஹியூமன் பாப்பிலோமா வைரஸின் 16-ஆம் வகை. அடுத்த ஆண்டே 18-ஆம் வகையும் அகப்பட்டது. 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உலகில் நூறு பெண்களுக்கு இப்புற்றுநோய் வருமானால், அவர்களுள் எழுபது பேருக்கு இவ்விரு வகைகளே காரணம்.

இவ்வைரஸ் குடும்பத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. நம் கைவிரலில் தோன்றும் மருவும் இக்குடும்பத்தின் வேலையே! புற்றுநோய்க்கு வழிகோலுபவை பதினான்கு வகைகள் அளவே. இவை பெரும்பாலும் ஆண் பெண் உறவின் வழியாகப் பரவுகின்றன. ஒரே தட்டில் உண்பதாலோ, அருகில் அமர்வதாலோ பரவுவதில்லை. மணவாழ்வில் புகுந்த பெண்களுள் மிகப் பலரை இவ்வைரஸ் ஒரு முறையேனும் தொட்டுவிடுகிறது. ஆனால் அஞ்ச வேண்டாம். பத்தில் ஒன்பது பேருக்கு உடலின் எதிர்ப்பாற்றலே இரண்டு ஆண்டுகளுக்குள் அதனை விரட்டிவிடும். விலகாமல் தங்கிவிடும் வைரஸே ஆபத்தானது. அதுவும் புற்றாக மாறப் பொதுவாகப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும்.

ஆகவே பல நாடுகளில் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட பெண்களிடம் இத்தொற்று மிகுந்து, பின்னர் படிப்படியாகக் குறைகிறது. ஆனால் எல்லா நாட்டிலும் அப்படியன்று. மெக்சிகோ, கொலம்பியா போன்ற நாடுகளில் குறைந்த தொற்று, நடுவயதைக் கடந்தபின் மீண்டும் தலைதூக்குகிறது. நம் திண்டுக்கல் மாவட்டத்தின் கதையோ வேறு. அங்கே அம்பிளிக்கை வட்டாரத்து மணமான பெண்கள் 1,891 பேரைச் சோதித்தனர். நூற்றுக்குப் பதினேழு பேரிடம் வைரஸ் இருந்தது. பதினாறு வயது முதல் ஐம்பத்தொன்பது வயது வரை ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை!

ஊருக்கு ஊர் வேறுபாடு இதனினும் வியப்புக்குரியது. பதினொரு நாடுகளில் நோய்க்குறி ஏதுமில்லாத 15,613 பெண்களிடம் எடுத்த கணக்கு 2005-இல் வெளியாயிற்று. ஸ்பெயினில் நூற்றுக்கு 1.4 பேர், நைஜீரியாவில் 25.6 பேர். வியட்நாமிலோ ஒரே நாட்டுக்குள் ஹனோயில் இரண்டு பேர், ஹோ சி மின் நகரில் பதினொரு பேர். ஆதலின் இனத்தையோ இரத்தத்தையோ காரணம் காட்டுவது வீண் பேச்சு.

நடுவயதுத் தொற்றுக்கு ஆய்வாளர் கூறும் காரணங்கள் பல. இளமையில் வந்து ஒளிந்திருந்த வைரஸ், எதிர்ப்பாற்றல் தளரும்போது மீண்டும் விழித்தெழலாம். கணவன் வழியாகப் புதிதாகவும் வந்திருக்கலாம். ஐம்பது வயதுத் தாய் ஒருத்திக்கு வைரஸ் இருப்பதாகச் சோதனையில் தெரிந்தால், அது முப்பது ஆண்டுகளுக்கு முன் வந்ததா, சென்ற ஆண்டு வந்ததா, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்தச் சோதனையும் கூறாது. எனவே அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எவரும் எவருடைய ஒழுக்கத்தையும் எடைபோட இயலாது. இந்த வரிகளைத் தந்தையரும் படிப்பது நன்று.

வயதுக் கணக்கை அறிந்தால், மருத்துவர் சொல்வதன் பொருளும் விளங்கும். தடுப்பூசி, வந்துவிட்ட வைரஸை அகற்றாது, வருமுன் காக்கும். அதனால்தான் அது ஒன்பது முதல் பதினான்கு வயதுச் சிறுமியருக்கு உரியதாயிற்று. ஆஸ்திரேலியா 2007-இலும் இலங்கை 2017-இலும் இதனைத் தேசியத் திட்டத்தில் சேர்த்தன. இலங்கையில் ஆறாம் வகுப்பு மாணவியருக்குப் பள்ளியிலேயே ஊசி போடுகின்றனர். சோதனையோ முப்பது வயதைக் கடந்த தாய்மாருக்கு. அந்த வயதில் காணும் வைரஸ் விலகாமல் தங்கியதாக இருக்கக்கூடும் அல்லவா?

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் வந்தது. எண்பதாயிரம் பேர் அளவில் இறந்தனர். வலி தோன்றும் வரை காத்திருந்ததும், சொல்லக் கூசியதும் பலரைத் தாமதமாக மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தன.

சோதனை பெரிய காரியமும் அன்று. அதே திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டில் ஒரு பெரும் முயற்சி தொடங்கிற்று. பயிற்சி பெற்ற செவிலியர், முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவினர். நாம் ஊறுகாயில் சேர்க்கும் வினிகரின் சத்துதான் அது. சிறிது நேரத்தில் வெண்மையாகத் தோன்றும் இடம் ஐயத்திற்குரியது. அவ்விடத்திற்கு மேற்கொண்டு சிகிச்சை அளித்தனர். 31,343 பெண்கள் இவ்வாறு ஒரே ஒரு முறை சோதிக்கப்பட்டனர். 2006 வரை கணக்கெடுத்துப் பார்த்தபோது, சோதனை நடைபெறாத ஊர்களைவிட இவ்வூர்களில் இந்நோயால் நேர்ந்த மரணம் நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கு குறைந்திருந்தது.