அறுபதைக் கடந்த பெண்களும் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சிகிச்சையின் 56 நாள் கணக்கும்

இலங்கையில் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டன. கர்ப்பப்பையின் கழுத்திலிருந்து கலங்களைச் சுரண்டியெடுத்து நுணுக்குக்காட்டியில் ஆராயும் பப் சோதனைக்கு அங்கே 35 வயதுப் பெண்களும், பின்னர் 45 வயதுப் பெண்களும் சிறப்பாக அழைக்கப்பட்டனர். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரசுக்கு எதிரான தடுப்பூசி 2017 இல் ஆறாம் தரச் சிறுமியருக்கு வழங்கப்படத் தொடங்கியது. 1960 இல் பிறந்த ஒரு பெண்ணை இக்கால அட்டவணையில் வைத்துப் பார்த்தால், அவர் 35 வயதை எட்டியபோது திட்டமே இருக்கவில்லை என்பதும், 45 வயதை எட்டியபோது போர்நிறுத்தம் குலையும் தறுவாயில் இருந்தது என்பதும் தெரியவரும். வன்னியிலுள்ள பூநகரிப் பிரதேசத்தின் ஜெயபுரம், முழங்காவில் போன்ற ஊர்கள் போரினால் 2008 இல் முற்றாக இடம்பெயர்ந்தன. ஆகவே வன்னியில் இன்று அறுபதைக் கடந்திருக்கும் பெண்களில் பலர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் இச்சோதனைக்கு உட்படாதிருந்தால், அதற்கு அவர்களுடைய அசட்டையைக் காரணமாகக் கூறுவது நியாயமாகாது.

சோதனை தவறியவர்களிடத்தில் நோய் பெரும்பாலும் இரத்தப்போக்காகவே முதலில் வெளிப்படுகிறது. மாதவிடாய் முற்றாக நின்று ஓராண்டு கழிந்தபின் ஏற்படும் எந்த இரத்தக் கசிவும், அது துணியில் ஒரு துளியாகவே இருந்தாலும், வைத்தியரிடம் காட்டப்பட வேண்டியதாகும். பேரப்பிள்ளைகள் கண்ட வயதில் இதை எவரிடம் சொல்வது என்ற கூச்சத்தில் மாதங்கள் கழிவதும், சூட்டினால் வந்தது என்று வீட்டு வைத்தியத்தில் நாள் போவதும் நோய்க்கே வாய்ப்பாகின்றன. கட்டி 4 சென்ரிமீற்றரைக் கடந்துவிட்டாலோ, கழுத்தைத் தாண்டி அருகிலுள்ள இழையங்களுக்குள் பரவிவிட்டாலோ, கர்ப்பப்பையை அகற்றும் சத்திரசிகிச்சைக்குப் பதிலாகக் கதிர்வீச்சும் இரசாயன மருந்தும் இணைந்த சிகிச்சையே முதன்மையானதாகிறது. சத்திரசிகிச்சை இல்லை என்று சொல்லப்பட்டதும் கைவிட்டுவிட்டார்கள் என்று குடும்பத்தார் கலங்குவதுண்டு. உண்மையில் இது நோயை முற்றாகக் குணப்படுத்தும் நோக்கோடு அளிக்கப்படும் சிகிச்சையாகும்.

ஊர்வழக்கில் ‘கரண்ட் பிடிப்பது’ எனப்படும் வெளிக்கதிர்வீச்சு, வார நாட்களில் நாளொன்றுக்குச் சில நிமிடங்களாக, பொதுவாக 25 தடவைகளில் ஐந்து வாரங்களுக்கு இடுப்புப் பகுதிக்கு அளிக்கப்படுகிறது. அது வலியற்றது; கதிர் உடலில் தங்குவதில்லையாதலால், வீடு திரும்பியவர் குழந்தைகளைத் தூக்குவதில் எத்தடையும் இல்லை. அதே வாரங்களில் கிழமைக்கு ஒருமுறை சிஸ்பிளாற்றின் என்னும் மருந்து நாளத்தின் வழியாக ஏற்றப்படுகிறது. கதிரால் சேதமுற்ற புற்றுநோய்க் கலங்கள் தம்மைத் தாமே சீர்செய்துகொள்ள விடாமல் தடுப்பதே அம்மருந்தின் முதன்மையான வேலை. இவ்விணைப்பின் பயனை 1999 இல் வெளியான ஆய்வுகள் உலகுக்கு உணர்த்தின. மும்பையின் டாட்டா நினைவு வைத்தியசாலை, நோய் முற்றிய 850 பெண்களைக் கொண்டு நடத்தி 2018 இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாண்டுகள் உயிர்வாழ்ந்தோர் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 46 வீதமாகவும் மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 54 வீதமாகவும் இருந்தனர்.

இவற்றோடு சிகிச்சை முடிவதில்லை. கர்ப்பப்பையினுள்ளே சிறு குழாய்களைச் செலுத்தி, அவற்றின் வழியே கதிர்மூலத்தைக் கட்டியின் அருகிலேயே கொண்டுசென்று நிறுத்தும் உள்கதிர்வீச்சு சில தடவைகள் அளிக்கப்பட்டாக வேண்டும். வெளிக்கதிர்வீச்சோடு இரத்தப்போக்கு நின்றுவிடுவதால், சுகமாகிவிட்டது என்று எண்ணி இக்கட்டத்துக்குச் செல்லாது விடுவோர் குணமடையும் வாய்ப்பின் பெரும்பகுதியை அங்கேயே இழக்கின்றனர். முதற் கதிர் தொடக்கம் இறுதி உள்கதிர் வரை அனைத்தும் 56 நாட்களுக்குள், அதாவது எட்டு வாரங்களுக்குள், நிறைவுற வேண்டும் என்பது உலகளவில் ஏற்கப்பட்ட நியதி. அதற்குமேல் நீளும் ஒவ்வொரு நாளும் நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பைக் குறைக்கிறது. உள்கதிர்வீச்சு வசதி எல்லாப் புற்றுநோய் நிலையங்களிலும் இருப்பதில்லை என்பதால், அது எங்கே, எந்தத் திகதியில் நடைபெறும் என்பதை முதல் கிளினிக்கிலேயே கேட்டுக் குறித்துக்கொள்வது அவசியம்.

முதுமை என்பது இச்சிகிச்சையை மறுப்பதற்குத் தன்னளவில் ஒரு காரணமன்று. 75 வயதில் விறகு சேர்த்து, தண்ணீர் அள்ளித் தன் அலுவலைத் தானே பார்க்கும் பெண்ணும், 62 வயதில் நீரிழிவால் படுக்கையில் வீழ்ந்த பெண்ணும் ஒரே தராசில் நிறுக்கப்படக் கூடாது. பிறந்த ஆண்டைவிடச் சிறுநீரகங்களின் நிலையே இங்கு முடிவைத் தீர்மானிக்கிறது. சிஸ்பிளாற்றின் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடிய மருந்து. சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கப்படும் கிரியாற்றினின் இரத்தத்தில் உள்ள அளவு வழமையாக இருப்பதைக் கண்டு நிறைவடைவது முதியவர்களிடத்தில் ஏமாற்றமளிக்கக்கூடும். தசை மெலிந்தவரின் உடலில் அப்பொருள் குறைவாகவே உருவாவதால், சிறுநீரகம் பாதி செயலிழந்திருந்தாலும் அளவு சாதாரணமாகவே தோன்றும். எனவே வயதையும் நிறையையும் சேர்த்துக் கணிக்கப்படும் வடிகட்டல் வீதமே பார்க்கப்பட வேண்டும். வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளில் காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் பதிவாகியிருக்கும் சூழலில் இக்கணிப்பு மேலும் முக்கியத்துவம் பெறுகிறது. கட்டியே சிறுநீர்க்குழாயை நெரித்திருந்தால், குழாய் பொருத்தி அடைப்பை நீக்கியபின் மருந்து ஏற்ற முடியும். அதுவும் இயலாதெனில் கார்போபிளாற்றின் போன்ற மாற்று மருந்தோ, கதிர்வீச்சு மட்டுமோ தெரிவு செய்யப்படும். கதிர்வீச்சு மட்டும் பெற்றுக் குணமடைந்தோரும் உள்ளனர். புற்றுநோய்ச் சிகிச்சை ஆய்வுகளில் முதிய பெண்கள் எப்போதும் குறைவாகவே சேர்க்கப்படுவதால், இந்தத் தெரிவுகளில் வைத்தியரின் அனுபவத்துக்கும் நோயாளியின் விருப்பத்துக்கும் கூடுதலான இடமுண்டு. மூட்டுவலிக்கென மருந்துக்கடையில் தாமாக வாங்கி விழுங்கும் வலிநிவாரணிகளும் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும் என்பதால், அவற்றை இக்காலத்தில் நிறுத்தியாக வேண்டும் என்பதை மட்டும் எவரும் மறக்கலாகாது.

வடக்கில் கதிர்வீச்சு அளிக்கப்படும் இடம் தெல்லிப்பழை. நாட்டின் தென்முனையிலிருந்து வடமுனை வரை 2011 இல் மேற்கொள்ளப்பட்ட நடைபயணத்தில் திரட்டிய நிதியைக் கொண்டு எழுப்பப்பட்ட புற்றுநோய் வைத்தியசாலை அங்கே இயங்குகிறது. அதே ஆண்டு சனவரியில், பூநகரியை யாழ்ப்பாணக் குடாநாட்டுடன் இணைக்கும் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதால் ஜெயபுரத்தாருக்குக் கிளிநொச்சியைச் சுற்றிச் செல்லும் தேவை இல்லாமற் போயிற்று. ஆயினும் தள்ளாத வயதில் ஐந்து வாரம் நாள்தோறும் பேருந்தில் போய்வருவது எளிதன்று. விடுதியில் தங்கிச் சிகிச்சை பெற வசதியுண்டா என்று தொடக்கத்திலேயே கேட்க வேண்டும்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் எனினும், பயணச் செலவும் கூடச் செல்பவர் இழக்கும் நாட்கூலியும் இலவசமல்ல. புற்றுநோயாளருக்கான மாதாந்த உதவிப்பணத்துக்குப் பிரதேச செயலகத்தின் சமூக சேவைகள் உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கலாம். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கான விண்ணப்பங்களையும் 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே கையளிக்கலாம். சுகாதாரம் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளுள் வெளிப்படையாக எழுதப்படவில்லை; என்றாலும் 12 ஆம் உறுப்புரை சமத்துவத்தை உறுதிசெய்கிறது, 22 ஆம் உறுப்புரை வேறு மாகாணத்து அரச நிறுவனங்களிலும் தமிழில் சேவை பெற வழி தருகிறது. மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பப்படும் ஒருவர், விளங்காத மொழியிலுள்ள சம்மதப் படிவத்தில் பெருவிரல் அடையாளம் இடுமுன் அதைத் தமிழில் விளக்குமாறு கோரலாம். இயந்திரம் பழுதாகிச் சிகிச்சை தடைப்பட்டால், அது எப்போது சீராகும், நோயாளியை வேறு நிலையத்துக்கு மாற்ற முடியுமா என்பவற்றை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேட்கலாம். உயிருடன் தொடர்புடைய கோரிக்கைக்கு 48 மணித்தியாலங்களுக்குள் பதிலளிக்க வேண்டும் என அச்சட்டம் விதிக்கிறது. பாகுபாடு காட்டப்பட்டதாகக் கருதுவோர் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண, வவுனியா அலுவலகங்களை நாடலாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்வதற்கான காலம் ஒரு மாதமே என்பதால், அதற்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதியப்பட வேண்டும்.

சிகிச்சை முடிந்து மாதங்கள் கழித்தும் மலத்தில் இரத்தம், சிறுநீர் எரிவு, யோனிக் குழாய் ஒடுங்குதல் ஆகியன தோன்றக்கூடும். மாதவிடாய் நின்றவர்களில் ஏற்கெனவே மெலிந்திருக்கும் இடுப்பெலும்பு, கதிர் பட்டபின் விழாமலே வெடிப்பதும் உண்டு. அந்த வலியைப் புற்றுநோய் திரும்பிவிட்டது என்றோ வாதம் என்றோ தவறாக எண்ண இடமிருக்கிறது. முழங்காவிலிலோ கிளிநொச்சியிலோ இவ்வலிக்காகப் பார்க்கும் வைத்தியருக்கு, எவ்வளவு கதிர் எந்த இடத்துக்கு எப்போது அளிக்கப்பட்டது என்பது தெரிந்தாலன்றி சரியான முடிவுக்கு வர இயலாதாகையால், அவ்விபரம் எழுதப்பட்ட நோய் நிர்ணய அட்டையைத் தெல்லிப்பழையிலிருந்து கேட்டுப் பெற்று, கிளினிக் கொப்பியோடு சேர்த்துப் பொலித்தீன் பையிலிட்டு வைத்திருக்க வேண்டும்.