தட்டுப்பாடு பெற்றெடுத்த காந்தம்

மின்சார காரை ஓட்டும் காந்தம் ஒரு தட்டுப்பாட்டில் பிறந்தது. 1970களில் வலுவான காந்தம் என்றால் சமாரியமும் கோபால்ட்டும் சேர்ந்ததுதான். 1978இல், இன்று காங்கோ ஜனநாயகக் குடியரசு எனப்படும் அன்றைய ஜயரின் ஷாபா மாகாணத்துக்குள் கிளர்ச்சிப் படை புகுந்தது. உலகின் கோபால்ட்டில் பெரும்பங்கைத் தந்த வட்டாரம் அது. விலை பல மடங்கு எகிறியது. கோபால்ட் இல்லாத காந்தத்துக்கான தேடல் சூடுபிடித்தது. 1983இல் ஜப்பானின் சுமிட்டோமோவில் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் க்ரோட்டும் தனித்தனியே ஒரே விடையோடு வந்தார்கள்: நியோடிமியம், இரும்பு, போரான்.

மூலப்பொருள் முடங்கினால் அறிவியல் மாற்று கண்டுபிடித்துவிடும் என்போருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் சாட்சியை முழுதாக விசாரிக்க வேண்டும். புதிய காந்தத்துக்குச் சூடு ஆகாது. மோட்டாரின் வெப்பத்தில் அது வலுவிழக்காமலிருக்க டிஸ்புரோசியம் சேர்த்தார்கள். அதுவோ பெரும்பாலும் தென் சீனாவின் களிமண்ணிலும், எல்லைக்கு அப்பால் வட மியான்மரிலும் கிடைப்பது. காங்கோவிடமிருந்து தப்பிய தொழில் சீனாவின் வாசலில் போய் நின்றது. 2010இல் ஜப்பானுக்கான ஏற்றுமதி தடுமாறி, மறுஆண்டு விலை உச்சம் தொட்ட பிறகு, டிஸ்புரோசியம் இல்லாத காந்தத்தை ஹோண்டாவும் டைடோ நிறுவனமும் ஹைபிரிட் காருக்குக் கொண்டுவர 2016 ஆனது. மாற்று வருகிறது, மறுக்கவில்லை. தட்டுப்பாடோ அதுவரை காத்திருப்பதில்லை. 2025 ஏப்ரலில் டிஸ்புரோசியம் உள்ளிட்ட ஏழு தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா உரிமத்தைக் கட்டாயமாக்கியதும், வேறு நாடுகளில் சில கார் ஆலைகள் ஓரிரு மாதங்களுக்குள் உற்பத்தியை நிறுத்தின. ஒரு காரின் எடையில் டிஸ்புரோசியத்தின் பங்கு அற்பத்திலும் அற்பம்.

இந்தத் தனிமங்கள் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே இருக்கின்றனவே என்று கேட்கலாம். பாதி சரி. அங்குள்ள மோனசைட்டில் நியோடிமியம் உண்டு, டிஸ்புரோசியம் சொற்பம். கூடவே கதிரியக்கத் தோரியமும் இருப்பதால் அதைக் கையாள்வது அணுசக்தித் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தோண்டிய பிறகுதான் உண்மையான சிக்கலே: வேதிக் குணத்தில் அச்சு அசலாக ஒத்திருக்கும் தனிமங்களைக் கரைப்பான்கள் கொண்டு நூற்றுக்கணக்கான படிகளில் பிரிக்க வேண்டும். சீனா இந்தத் திறனைப் பல பத்தாண்டுகளில் வளர்த்தது. அதன் கழிவைச் சியாங்சி மாகாணத்து ஓடைகள் சுமந்தன. கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கம் 2018இல் மறுபடி இயங்கத் தொடங்கியும், பல ஆண்டுகள் அதன் தாது கப்பலேறிச் சீனாவுக்குப் போய்த்தான் பிரிந்தது. சுரங்க உரிமத்துக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடப் பிரிப்பு ஆலைகளுக்கு அரசுகள் அப்போது காட்டவில்லை.