ஸ்பார்க் பிளக்: விலையும் பொருத்தமும்

மோட்டார் சைக்கிளுக்கு விலையுயர்ந்த இரிடியம் பிளக் வாங்குவதா, சாதாரண நிக்கல் பிளக்கே போதுமா என்று நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. நிக்கல் ஏறத்தாழ 1,455 டிகிரி சென்டிகிரேடில் உருகும். இரிடியமோ 2,400 டிகிரியையும் தாங்கும். ஆகவே இரிடிய மின்முனையை ஊசிபோல் மெலிதாக்க இயலும். அதனால் குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி பறக்கும், தேய்மானமும் குறையும். ஆயினும் நல்ல நிலையிலுள்ள என்ஜினுக்கு அது புதிய வலிமை எதையும் தந்துவிடாது.

விலையினும் முதன்மையானது வெப்பத்தரம். பிளக்கின் முனை ஏறத்தாழ 500 டிகிரிக்குக் கீழேயே இருந்தால் கரி படியும். 850 டிகிரியை மிகவும் கடந்தாலோ, பொறி எழுமுன்பே பெட்ரோல் பற்றிக்கொண்டு பிஸ்டனையே துளைத்துவிடக்கூடும். ஆதலால் வண்டியின் கையேடு குறிக்கும் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அது நிக்கல் பிளக்காயின், உரிய காலத்தில் மாற்றிவந்தாலே போதும் என்பது என் கருத்து.