மீண்டும் அதே லோரியா? – வணிகச் சின்ன விசுவாசமும் நம் லோரி உரிமையாளர்களும்

கைத்தொலைபேசி பிடிக்கவில்லை என்றால் அடுத்த ஆண்டே வேறொன்றை வாங்கிவிடுகிறோம். காலணியும் அப்படித்தான். ஆனால், லோரி அப்படிப்பட்ட பொருளன்று. ஒரு லோரியை வாங்குபவர் பல ஆண்டுக் கடனுக்குக் கையெழுத்திடுகிறார். சில குடும்பங்களில் முன்பணத்திற்காக மனைவியின் நகை அடகுக்கடைக்குப் போகிறது. உத்தரவாதத்திற்கு அண்ணனோ மைத்துனரோ கையெழுத்திட வேண்டியிருக்கிறது. தேர்வு தவறினால் ஒரு குடும்பமே தடுமாறும்.

எனவே, “அடுத்த முறையும் இதே வணிகச் சின்னத்தைத்தான் வாங்குவீர்களா?” என்று ஒரு லோரி உரிமையாளரிடம் கேட்பது வெறும் சந்தை ஆய்வுக் கேள்வியன்று. அவருடைய வாழ்க்கைக் கணக்கையே கேட்பதாகும். இக்கேள்விக்குப் பெரும்பாலோர் “ஆமாம்” என்றே பதிலளிப்பர். அந்த “ஆமாம்” என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை பொருள்கள் அடங்கியுள்ளன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்காட்டுகளை நெகிரி செம்பிலான், போர்ட்டிக்சன் மாவட்டத்திலுள்ள என் ஊரான புக்கிட் பெலண்டோக் வட்டாரத்திலிருந்து தொடங்குகிறேன்.

விசுவாசத்தின் நான்கு முகங்கள்

ஒருவர் ஒரே சின்னத்தைத் திரும்பத் திரும்ப வாங்கினால் அவர் அதன்மீது விசுவாசம் கொண்டவர் என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆலன் டிக், குணால் பாசு எனும் இரு சந்தையியல் அறிஞர்கள் 1994இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்வெண்ணம் போதாது என்று காட்டினர். மனத்தில் உள்ள மதிப்பு ஒன்று. கையால் மீண்டும் வாங்குவது மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நான்கு நிலைகள் கிடைக்கின்றன.

மதிப்பும் உண்டு, மீண்டும் வாங்குவதும் உண்டு என்றால் அது முழு விசுவாசம். மதிப்பு உண்டு, ஆனால் வாங்க இயலவில்லை என்றால் அது உள்ளுறை விசுவாசம். மதிப்புப் பெரிதாக இல்லை, ஆயினும் வேறு வழியின்றி அதையே வாங்குகிறார் என்றால் அது போலி விசுவாசம். இரண்டும் இல்லையென்றால் விசுவாசமே இல்லை.

நம் பெரியவர்களின் அனுபவத்திலேயே இவற்றைக் காணலாம். பால்மரக் காலத்தில் பெட்ஃபோர்ட், லேலண்ட் போன்ற பிரிட்டிஷ் லோரிகள் இந்நாட்டுச் சாலைகளில் ஓடின. அக்கால ஓட்டுநர்கள் இன்றும் பெட்ஃபோர்டைப் புகழ்ந்து பேசுவதுண்டு. ஆனால், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1986இல் பெட்ஃபோர்டின் கனரக லோரித் தயாரிப்பைக் கைவிட்டது. அன்பு இருந்தது, வாங்கத்தான் வண்டி இல்லை. உள்ளுறை விசுவாசம் என்பது இதுதான்.

செம்பனைக் குலை காத்திருக்காது

போலி விசுவாசம் எப்படி உருவாகிறது என்பதை அறிய, லோரி ஏற்றும் சுமையைப் பார்க்க வேண்டும். எங்கள் வட்டாரத்தில் பால்மரம் குறைந்து செம்பனை பெருகிய கதை உங்களில் பலருக்கும் தெரிந்ததே. வெட்டிய செம்பனைக் குலையை 24 மணி நேரத்திற்குள் ஆலைக்குச் சேர்ப்பது நல்லது. தாமதமானால் பழத்தில் கொழுப்பு அமிலம் கூடி எண்ணெயின் தரம் குறைகிறது. இதனால் ஆலையில் விலையும் குறையலாம்.

இந்த 24 மணி நேரமே லோரி உரிமையாளரின் தேர்வை ஆள்கிறது. லோரி பழுதாகி நின்றால் அவருக்கு மூன்று இழப்புகள் ஏற்படுகின்றன. பழுதுபார்க்கும் செலவு ஒன்று. அன்றைய வாடகை இழப்பு இரண்டு. மூன்றாவதே பெரிது. தோட்ட நிர்வாகம் வேறொரு லோரியை அழைத்துக்கொள்ளும்; அடுத்த வாரமும் அந்த லோரியே வரக்கூடும். பல வண்டிகள் வைத்திருக்கும் பெரிய நிறுவனம் மாற்று வண்டியை அனுப்பிவிடும். ஒரே லோரியை நம்பியிருப்பவரால் அது முடியாது.

ஆகவே, ஒரு வண்டி எத்தனை முறை பழுதாகிறது என்பதைவிட, பழுதானால் எத்தனை மணி நேரத்தில் மீண்டும் ஓடும் என்பதே அவருக்கு முக்கியம்.

யாரை நம்புகிறோம்?

எங்கள் உறவினர் ஒருவர் நெடுங்காலமாகச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி வைத்திருக்கிறார். ஒரே சின்னத்தைத்தான் அடுத்தடுத்து வாங்கியிருக்கிறார். “மாமா, அந்தக் கம்பெனி மேல உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கையா?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “கம்பெனிக்காரன் மூஞ்சிய நான் பார்த்ததே இல்ல தம்பி. நான் நம்புறது நம்ம பட்டறைக்காரரத்தான். ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் வருவாரு. அவருக்கு இந்த இஞ்சின் தான் கைவந்தது” என்றார்.

அவருடைய விசுவாசம் முகப்பில் உள்ள சின்னத்தின்மீது அன்று. அதைப் பழுதுபார்க்கும் மனிதரின்மீது. ஜப்பானிய லோரிகளான இசுசு, ஹினோ, மிட்சுபிஷி ஃபுசோ ஆகியவை இந்நாட்டுச் சாலைகளில் நிறைந்திருப்பதற்கு அவற்றின் தரம் மட்டுமே காரணமன்று. சிறு நகரங்களின் பட்டறைகளில்கூட அவற்றின் இயந்திரம் பழகிய ஒன்று. புதிய பாகம் விலை அதிகம் என்றால் பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய பாகம் கிடைக்கிறது. அவற்றுள் சில இங்கேயே பொருத்தப்படுகின்றன. பகாங்கின் பெக்கானில் இசுசு லோரிகள் பொருத்தப்படுகின்றன. ஹினோவின் தொழிற்சாலை எங்கள் மாநிலத்தில் செண்டாயானிலேயே இருக்கிறது.

எனவே, ஒருவரின் “ஆமாம்” முழு விசுவாசமா, போலி விசுவாசமா என்றறிய இரண்டாவது கேள்வி ஒன்று தேவை. “வேறொரு சின்னத்திற்கும் இதே தொலைவில் பட்டறையும் பாகங்களும் கிடைத்தால், அப்போதும் இதையே வாங்குவீர்களா?” என்பதே அக்கேள்வி. இதற்கும் உடனே “ஆமாம்” என்றால் அது முழு விசுவாசம். பதில் வரத் தயங்கினால், அவரைப் பிடித்து வைத்திருப்பது சின்னமன்று, சூழல்.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான்

இதனை நம் மூதாதையர் மண்ணிலும் காணலாம். சென்னையில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்ட் நிறுவனத்துடன் இணைந்து 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. அதன் தொழிற்சாலை எண்ணூரில் உள்ளது. மறுபுறம் டாட்டா நிறுவனம் 1954இல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து லோரி தயாரித்தது. இந்தியச் சாலைகளில் இவ்விரு சின்னங்களும் நெடுங்காலம் ஆட்சி செய்தன.

லோரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் நாமக்கல். அங்குள்ள பட்டறைகள் நிறுவனத்திடமிருந்து வரும் அடிச்சட்டத்தின்மீது உடல்பகுதியைக் கட்டித் தருகின்றன. உடல் கட்டுபவர், வில்பட்டை செய்பவர், மின்கம்பி இணைப்பவர், வண்ணம் பூசுபவர் என ஒரு தொழிற்குடும்பமே லோரியைச் சுற்றி வாழ்கிறது. இந்நிலையில், 2012இல் டைம்லர் நிறுவனம் சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாரித்த ‘பாரத் பென்ஸ்’ லோரிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உலகப் புகழ்பெற்ற பெயரானாலும், நெடுஞ்சாலை ஓரங்களில் பழுதுபார்க்கும் வசதியை முதலிலிருந்து கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. பெயரைக் கொண்டுவந்துவிடலாம், ஊருக்கு ஊர் பழகிய கைகளை ஒரே நாளில் கொண்டுவர முடியாது.

விற்கும் நாளில் தெரியும் மதிப்பு

விசுவாசத்தின் இன்னொரு வேர் மறுவிற்பனை விலையாகும். லோரியை வாங்கும் நாளிலேயே அதை விற்கும் நாளையும் எண்ணிப் பார்ப்பவரே அனுபவசாலி.

சுமை திடீரென்று நின்றுபோகும் என்பதை எங்கள் ஊர் நன்கறியும். 1998ஆம் ஆண்டின் இறுதியில் பேராவில் தொடங்கிய நோய், நோயுற்ற பன்றிகள் ஊர்விட்டு ஊர் கொண்டு செல்லப்பட்டதால் எங்கள் வட்டாரத்திற்கும் பரவியது. முதலில் அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதப்பட்டது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் புதிய கிருமி கண்டறியப்பட்டு, சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் நிப்பா என்று அழைக்கப்பட்டது. மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் உயிரிழந்தனர். பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. புக்கிட் பெலண்டோக்கின் பண்ணைத் தொழில் சில மாதங்களில் முடிவுக்கு வந்தது.

உயிரிழப்பின் முன் வண்டிக் கணக்கு பெரிதன்று. ஆயினும், ஒரு தொழில் நின்றால் அதை நம்பிய தீவன லோரியும் கால்நடை லோரியும் நின்றுவிடுகின்றன. மாதத் தவணை மட்டும் நிற்பதில்லை. அந்நிலையில் விரைவாக, நல்ல விலைக்கு விற்கக்கூடிய வண்டி ஒரு காப்புறுதி போன்றது. எல்லாரும் அறிந்த சின்னத்தை எல்லாரும் வாங்குவதற்கு இது ஒரு வலுவான காரணம். இங்கே விசுவாசம் என்பது நிறுவனத்தின்மீது கொண்டதன்று; அடுத்து வாங்கப் போகிறவரும் இதையே விரும்புவார் என்ற நம்பிக்கையாகும்.

சின்னமே கைமாறினால்?

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நம்பிய நிறுவனங்களும் சறுக்கியுள்ளன. மிட்சுபிஷி நிறுவனம் வாடிக்கையாளர் புகார்களைப் பல ஆண்டுகளாக மறைத்ததை 2000இல் ஒப்புக்கொண்டது. 2002இல் ஜப்பானின் யோக்கோஹாமாவில் அதன் லோரியிலிருந்து கழன்று ஓடிய சக்கரம் மோதி ஓர் இளந்தாய் உயிரிழந்தார். சக்கரத்தைத் தாங்கும் பாகத்தில் குறை இருந்ததை 2004இல்தான் ஃபுசோ நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஹினோ நிறுவனம், தன் இயந்திரங்களின் புகை, எரிபொருள் சோதனை விவரங்களில் முறைகேடு நடந்ததை 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. அது குறைந்தது 2003 முதல் நடந்து வந்ததை விசாரணைக் குழு கண்டறிந்தது.

சின்னங்களின் உடைமையும் மாறுகிறது. நிசான் டீசல் 2007இல் வோல்வோ வசமானது. 2010இல் யூடி டிரக்ஸ் எனப் பெயர் மாறியது. 2021இல் இசுசு அதை வாங்கியது. ஹினோவும் ஃபுசோவும் ஒரே தாய் நிறுவனத்தின்கீழ் இணைவதற்கான இறுதி ஒப்பந்தம் 2025 ஜூனில் கையெழுத்தானது. “நான் ஹினோக்காரன், நீ ஃபுசோக்காரன்” என்று காப்பிக்கடையில் வாதிட்ட இருவரும் ஒரே வீட்டுக்கு விருந்தாளியாகின்றனர்!

ஆகவே, பெயரை மட்டும் நம்பிய விசுவாசம் நிலையற்றது என்பது தெளிவு.

கணக்கு எழுதிப் பார்ப்போம்

பின் எதை வைத்து முடிவெடுப்பது? விளக்கத்திற்காகச் சில கற்பனை எண்களை எடுத்துக்கொள்வோம். ‘அ’ லோரியின் விலை 180,000 ரிங்கிட். ‘ஆ’ லோரியின் விலை 150,000 ரிங்கிட். ‘ஆ’வை வாங்கினால் 30,000 ரிங்கிட் மிச்சம். ‘அ’ ஆண்டுக்கு 6 நாளும், ‘ஆ’ 14 நாளும் பழுதாகி நிற்பதாகவும், ஒரு நாள் இழப்பு 500 ரிங்கிட் என்றும் கொள்வோம். 8 நாள் வேறுபாட்டில் ஆண்டுக்கு 4,000 ரிங்கிட். 8 ஆண்டுகளில் 32,000 ரிங்கிட். அதன்பின் விற்கும்போது ‘ஆ’வுக்கு 20,000 ரிங்கிட் குறைவாகக் கிடைத்தால் மொத்த இழப்பு 52,000. மிச்சம் பிடித்த 30,000ஐக் கழித்தாலும், ‘ஆ’வை வாங்கியவருக்கு 22,000 ரிங்கிட் நட்டம்.

இப்போது ‘ஆ’வுக்கும் அருகிலேயே நல்ல பட்டறை திறக்கப்படுகிறது என்று வையுங்கள். அது நிற்கும் நாள் 8 ஆகக் குறைகிறது. வேறுபாடு 2 நாள் மட்டுமே. 8 ஆண்டுகளில் 8,000. விற்பனை இழப்பையும் சேர்த்தால் 28,000. இப்போது ‘ஆ’வை வாங்கியவருக்கே 2,000 ரிங்கிட் ஆதாயம். வண்டிகள் மாறவில்லை, பட்டறை மாறியது, விடையும் மாறிவிட்டது. அப்படியானால், பத்து ஆண்டுகளுக்கு முன் சரியாக இருந்த “ஆமாம்” இன்றும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

திருக்குறளின் 51ஆம் அதிகாரம் ‘தெரிந்து தெளிதல்’. ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியவரை ஐயுறுவதும் தீராத துன்பம் தரும் என்பது அவ்வதிகாரத்தின் முடிவுக் கருத்து. ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கு வள்ளுவர் சொன்னது லோரிக்கும் பொருந்துகிறது. பழகிய சின்னத்தை விட்டுவிடுங்கள் என்று நான் கூறவில்லை. ஆராய்ந்த பின்னும் அதுவே சிறந்தது என்றால், தயங்காமல் அதையே வாங்கலாம்.

ஆனால், ஆராய்வதற்கு எழுதி வைத்த கணக்கு வேண்டும். ஒரே லோரியை வைத்துத் தொழில் செய்யும் பலர் இக்கணக்கை மனத்தில்தான் வைத்திருக்கின்றனர். இங்கேதான் நம் பங்கு இருக்கிறது, நண்பர்களே. நம்மில் கணக்கியலும் வணிக நிர்வாகமும் பயில்வோர் பலர். அவர்களில் சிலரின் கட்டணம் ஒரு லோரியின் வருமானத்திலிருந்துதான் வந்திருக்கும். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஒரு குறிப்பேட்டை வாங்கிச் செல்லுங்கள். லோரி நின்ற நாள், நின்ற காரணம், மாற்றிய பாகம், கொடுத்த பணம் ஆகிய நான்கு பத்திகள் போதும். அப்பாவோ மாமாவோ சொல்லச் சொல்ல முதல் பக்கத்தை நீங்களே எழுதித் தொடங்குங்கள். அடுத்த லோரிக்குக் கையெழுத்திடும் நாளில், விற்பனையாளரின் பேச்சோடு அந்தக் குறிப்பேடும் மேசையின்மேல் இருக்கட்டும்.